மூக்கா, மீட்டரா, டைட்ரேஷனா? கறி கெட்டுப்போச்சுன்னு சப்ளையர் முன்னாடி எப்படி நிரூபிக்கிறது

ஆடி மாசம் பொறந்துட்டா மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் முனியாண்டி பூசை, கெடா வெட்டு, விருந்துன்னு வரிசையா ஓடும், கூடவே சமையல் ஆர்டர் எடுக்குறவங்ககிட்டேருந்து இந்தக் கேள்வியும் வந்துரும், "தம்பி, நீ லேப்லதானே வேலை செய்யுற, கறி நல்லாருக்கா இல்லையான்னு காட்டுற மிஷின் ஒண்ணு ஆன்லைன்ல விக்கிறானாம், வாங்கலாமா?" நான் செம்பனை ஆலை லேப்ல இருக்குறவன், எண்ணெயில கொழுப்பு அமிலம் எவ்வளவு பிரிஞ்சிருக்குன்னு நாள் பூரா பியூரெட்டை, அதாவது சொட்டுச் சொட்டா அளந்து விடுற கண்ணாடிக் குழாயைத் திருகிக்கிட்டு நிக்கிறதுதான் என் பொழப்பு, கறிக்கும் எனக்கும் சட்டிக்கு வெளிய சம்பந்தம் கிடையாது. ஆனா அடிப்படை வேதியியல்ல பெருசா வித்தியாசம் ஒண்ணுமில்ல, அங்க கொழுப்பு உடையுது, இங்க புரோட்டீன் உடையுது, உடைஞ்சு வெளிய வர்றதைப் புடிச்சு அளக்கணும். அதனால சந்தையில என்னென்ன வழி இருக்கு, எது யாருக்கு ஒத்துவரும், எது காசைக் கரியாக்கும்னு ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன்.

முதல்லயே என் கட்சி என்னன்னு சொல்லிடுறேன். வீட்டுக்குக் கால் கிலோ வாங்குறவங்களுக்கு எந்தக் கெமிக்கல் டெஸ்ட்டும் தேவையில்ல. டெஸ்ட் தேவைப்படுறது சண்டைக்கு. அறுபது கிலோ கோழி இறக்கி வெச்சிட்டு லாரிக்காரர் "இன்னிக்குக் காலையில அறுத்ததுக்கா"ன்னு சொல்வாரு, சமையல் ஆர்டர் எடுத்த அக்கா "வாடை அடிக்குதே"ன்னு சொல்வாங்க, அவரு ஒரு துண்டைத் தூக்கி மோந்து பாத்துட்டு "எனக்கு ஒண்ணும் தெரியலயே லா"ன்னு சொல்லிடுவாரு. ரெண்டு மூக்குக்கும் பஞ்சாயத்து பண்ண ஆளில்ல, மதியம் பந்தி, வேற கோழிக்கு எங்க போறதுன்னு கடைசியில அக்காதான் எறங்கி வருவாங்க. அந்த இடத்துலதான் ஒரு நம்பர் வேணும். அதனால இங்க ஒவ்வொண்ணையும் நான் பாக்குறது "இது சரியா சொல்லுமா"ங்குற ஒரு கேள்வியோட மட்டும் இல்ல, "இதைத் தவுக்கே, அதாவது சப்ளை முதலாளி, முன்னாடி நீட்டுனா நிக்குமா"ங்குற கேள்வியோடயும்தான்.

ஒப்பிடுறதுக்கு முன்னாடி கறி எப்படிக் கெடுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், இல்லன்னா எந்த டெஸ்ட் எதைப் பாக்குதுன்னே புரியாது. உயிரோட இருக்குறப்ப சதையோட பிஹெச், அதாவது அமில-கார அளவு, 7 பக்கம் இருக்கும் (நம்பர் கீழ போனா அமிலம், மேல போனா காரம்). அறுத்த பிறகு சதையில சேத்து வெச்ச கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமா மாறி பிஹெச் 5.5 பக்கம் எறங்கிடும். அப்புறம்தான் பாக்டீரியா கச்சேரி. குளுருல காத்தோட்டத்துல இருக்குற கறிமேல பெரும்பாலும் ஜெயிக்கிறது சூடோமோனாஸ் கூட்டம், அதுங்க மொதல்ல கறியில இருக்குற கொஞ்ச நஞ்ச குளுக்கோஸைத்தான் திங்கும், அது இருக்குற வரைக்கும் வாடையே வராது, கறி நல்லபிள்ளையாட்டம் இருக்கும். சக்கரை தீந்ததும் அமினோ அமிலத்துல கை வைக்கும், அப்பதான் அம்மோனியா, கந்தக வாடை, அம்மோனியாவுக்குச் சொந்தக்காரங்களான அமைன் எல்லாம் வரும். கறி மேல் பரப்புல சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கோடி பாக்டீரியா சேர்ந்தா வாடை, பத்துக் கோடி ஆனா வழவழன்னு கையில ஒட்டும். ஆயிரத்துல ஆரம்பிச்சு ஒரு கோடிக்குப் போக பதிமூணு பதினாலு தடவை ரெட்டிப்பானா போதும், நம்ம ஊரு மத்தியான வெயில்ல ஒரு தடவை ரெட்டிப்பாக ஒரு மணி நேரம்கூட வேண்டியதில்ல.

இதுலேருந்து ரெண்டு விஷயம். புரோட்டீன் உடையுறதை அளக்குற டெஸ்ட் எல்லாமே லேட்டா எழுந்திரிக்கிற ஆளுங்க, அதுங்க கத்துறப்ப கதை ஏற்கனவே முக்கால்வாசி முடிஞ்சிருக்கும். இன்னொண்ணு, சால்மொனெல்லா மாதிரி ஆளை படுக்க வைக்கிற கிருமிங்க வாடையும் காட்டாது, அமைனும் பெருசா காட்டாது. கெட்ட கறி வேற, கிருமி இருக்குற கறி வேற. கீழ வர்ற எந்த டெஸ்ட்ல பாஸானாலும் கோழியைப் பாதி வேக்காட்டுல எறக்க லைசென்ஸ் கெடைச்சதா அர்த்தமில்ல.

மூக்குலேருந்து ஆரம்பிப்போம், ஏன்னா அதுதான் எல்லாரும் கேவலமா பேசுறது, ஆனா போட்டியில இருக்குற உருப்படியான கருவியும் அதுதான். மீன்ல வர்ற ட்ரைமெத்தில் அமைனும் முட்டை அழுகுன வாடை கொடுக்குற ஹைட்ரஜன் சல்பைடும் காத்துல நூறு கோடியில சில பங்கு இருந்தாலே நம்ம மூக்குக்குத் தட்டுப்படும், ஆன்லைன்ல விக்கிற சில்லறை சென்சாருக்கு அந்த அளவு கனவுல கூட எட்டாது. பிரச்சனை என்னன்னா மூக்கு சீக்கிரம் பழகிடும். கறிக்கடையில நிக்கிறவருக்குக் கறி வாடை தெரியாது, சம்பால் பெலாச்சான் வறுத்துக்கிட்டு இருக்குற அக்காவுக்குப் பத்து நிமிஷத்துல எந்த வாடையும் தெரியாது. சில்லுன்னு இருக்குற கறியில வாடை மேலயே எழும்பாது, அதுக்கு ஒரு வழி இருக்கு: உள்பக்கத்துலேருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டி, ஒரு கிண்ணத்துல போட்டு, கொதிக்கிற தண்ணிய ஊத்தி மூடி வெச்சு, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு மூடியைத் தொறந்த வேகத்துல மோந்து பாருங்க. ஒளிஞ்சிருந்ததெல்லாம் ஆவியோட வெளிய வந்துரும்.

இதுல இன்னொரு கள்ளத்தனமும் இருக்கு. அமைன் எல்லாம் காரத் தன்மை உள்ளது, புளித்தண்ணி, எலுமிச்சை, வினிகர்ல ஏதாவது பட்டா அதோட சேர்ந்து உப்பா மாறிடும், உப்பு ஆவியாகாது, ஆவியாகலன்னா வாடை கிடையாது. நம்ம வீட்டுல மீனைப் புளி போட்டு அலசுறதோட ரகசியமே இதுதான். அதே வேலையைக் கடைக்காரர் வினிகர் வெச்சு செஞ்சிருந்தா உங்க மூக்கு அவரு பக்கம் சாட்சி சொல்லிடும். அதனால எறக்குன உடனே, அலசுறதுக்கு முன்னாடி, மோந்து பாக்கணும். செலவு சுழியம், உணர்வு அபாரம், ஆனா சண்டையில செல்லாக்காசு.

அடுத்தது பிஹெச். இதுல பேப்பர், பேனா மாதிரி இருக்குற மீட்டர், கறியிலேயே குத்துற கூர்முனை மீட்டர்னு மூணு வகை இருக்கு. பேப்பர் வேணாம், 5.8க்கும் 6.3க்கும் வித்தியாசத்தைக் கலர் பாத்துச் சொல்றது ரத்தத் தண்ணியில நனைஞ்ச பேப்பர்ல நடக்காத காரியம். பேனா மீட்டர் மலிவு, ஆனா அது தண்ணிக்குச் செஞ்சது, அதனால பத்து கிராம் கறியை அரைச்சு தொண்ணூறு மில்லி காய்ச்சி வடிச்ச தண்ணியில கலக்கி அதுல முக்கிப் பாக்கணும். கூர்முனை மீட்டர் நேரா சதையில குத்தலாம், வெலையும் குத்தும். எதா இருந்தாலும் பிஹெச் 4, 7ன்னு முன்னாடியே தெரிஞ்ச பஃபர் கரைசல்ல சரிபாக்காம எடுத்த ரீடிங்கை யார்கிட்டயும் காட்டாதீங்க, கொழுப்பு ஒட்டுன எலக்ட்ரோடு வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

கோழி நெஞ்சுக்கறி புதுசா இருக்குறப்ப 5.8 பக்கம் இருக்கும், தொடை 6.3, 6.4 வரைக்கும் சாதாரணமாவே இருக்கும், ஆட்டுக்கறி 5.5லேருந்து 5.8. கெட ஆரம்பிச்சா அம்மோனியா சேர்ந்து நம்பர் மேல ஏறும். கேக்குறதுக்கு ரொம்ப சுளுவா இருக்குல்ல, ஆனா இங்கதான் பிஹெச் கவுத்துவிடும். லாரியில ரொம்ப தூரம் நின்னுக்கிட்டே வந்து பயந்து களைச்சுப்போன ஆட்டுல கிளைக்கோஜன் முன்னாடியே தீந்திருக்கும், அறுத்தாலும் அமிலம் உண்டாகாது, அந்தக் கறி முதல் மணி நேரத்துலேருந்தே 6க்கு மேலதான் நிக்கும், கருத்து, இறுகி, காஞ்ச மாதிரி இருக்கும். அது கெட்ட கறி இல்ல, ஆனா சீக்கிரமா கெடப்போற கறி. இன்னொரு பக்கம் வேக்குவம் பேக்ல வர்ற கறியில காத்து இல்லாததால லாக்டிக் பாக்டீரியா வளரும், அது கெட்டா புளிக்கும், பிஹெச் கீழ எறங்கும். ஆக மேல போனாலும் கெட்டது, கீழ போனாலும் கெட்டது, மேலயே நின்னா ஒருவேளை ஆடு பயந்திருக்கலாம். தவுக்கேக்கு இந்த மூணாவது கதை தெரிஞ்சிருந்தா உங்க மீட்டரை அவரு சுலபமா ஒதுக்கிடுவாரு. ஒரே சப்ளையர், ஒரே வெட்டு, நெஞ்சுக்கறி மட்டும்னு தொடர்ந்து எழுதி வெச்சா நோட்டுப் புத்தகத்துக்கு மதிப்பு உண்டு, ஒரு நாள் ரீடிங்குக்கு இல்ல.

கலர் மாறுற லேபிள் எனக்குப் பிடிச்ச சமாச்சாரம், ஏன்னா இதுல நம்ம வீட்டுச் சரக்கே வேலை செய்யுது. கம்பெனிக்காரங்க புரோமோகிரெசால் கிரீன் மாதிரி சாயத்தை பிலிம்ல ஏத்தி பேக்குக்குள்ள ஒட்டுறாங்க, கறியிலேருந்து எழும்புற அம்மோனியாவும் அமைனும் பட்டா மஞ்சள் கொஞ்சங்கொஞ்சமா நீலத்துக்குப் போகும். இதே வேலையைச் சங்குப்பூவுல இருக்குற ஆந்தோசயனின் செய்யும், மலாய்க்காரங்க நாசி கெராபு சோத்துக்கு நீலம் ஏத்துற அதே பூதான், அமிலத்துல ஊதா, காரத்துல பச்சைன்னு மாறும், இந்தச் சாயத்தை வெச்சு எறா, மீன் பேக்குக்கு லேபிள் செய்யுற ஆராய்ச்சி நெறைய நடந்திருக்கு. மஞ்சளும் அப்படித்தான், ஆரத்திக்கு மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்குதே, அதே குர்குமின் அம்மோனியா ஆவி பலமா பட்டாலும் செவக்கும், ஆனா அதுக்கு நல்ல காரம் வேணும், அந்த அளவு வர்றதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரங்களே வந்து கதவைத் தட்டிடுவாங்க. சங்குப்பூ அதைவிட முன்னாடியே அசையும்.

செஞ்சு பாக்கணும்னா: பூவை வெந்நீர்ல ஊற வெச்சு, வடிகட்டுற பேப்பரை அதுல முக்கி நிழல்ல காயவெச்சு, பட்டை பட்டையா வெட்டிக்குங்க. ஒரு மூடி போட்ட டப்பாவுல கறி, மூடியோட உள்பக்கம் லேசா ஈரமான பட்டை, கறி மேல படக்கூடாது. பக்கத்துலயே காலி டப்பாவுல இன்னொரு பட்டை, ஒப்பிட்டுப் பாக்க. நீலம் ஓரத்துலேருந்து பாசி மாதிரி பச்சையா மாறி உள்ள வரும், பாக்க ரொம்ப அழகா இருக்கும். ஆனா எவ்வளவு பச்சைன்னா எவ்வளவு கெட்டதுன்னு அளவு கெடையாது, பூவுக்குப் பூ சாயம் மாறும், டப்பா சைஸ் மாறுனா நேரமும் மாறும். ஐஸ் பெட்டியில வெச்ச கறி தாங்குதா இல்லையான்னு நமக்குள்ள பாத்துக்க சரி. எறக்குற இடத்துல லாரி நிக்குறப்ப ரெண்டு மணி நேரம் பட்டையை மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?

இப்ப என் ஆளு. டிவிபிஎன், அதாவது ஆவியாகிப் போற காரத் தன்மை உள்ள மொத்த நைட்ரஜன். அம்மோனியா, டைமெத்தில் அமைன், ட்ரைமெத்தில் அமைன் எல்லாத்தையும் சேர்த்து நூறு கிராம் கறிக்கு இத்தனை மில்லிகிராம் நைட்ரஜன்னு ஒரே நம்பரா சொல்லும். இதுக்குப் பின்னாடி சட்டமே இருக்குங்குறதுதான் பெரிய பலம்: சீனாவோட ஜிபி 2707 தரநிலையில பச்சைக் கறிக்கு 15தான் உச்சம், ஐரோப்பாவுல சில மீன் வகைகளுக்கு 25, 30, 35ன்னு மீனைப் பொறுத்து வெச்சிருக்காங்க. நம்ம நாட்டு தவுக்கே சீனாக்காரன் தரநிலையை எதுக்குக் கேக்கணும்னு கேக்கலாம், நியாயம்தான், ஆனா ஒரு நாடே ஒத்துக்கிட்ட நம்பர்ங்குறது அக்காவோட மூக்கைவிட எடை அதிகம்.

பெரிய லேப்ல இதை நீராவி வடிப்புல செய்வாங்க. சின்ன இடத்துக்கு கான்வே தட்டு போதும், வேகமில்ல, ஆனா மலிவு. வட்டமான கண்ணாடித் தட்டு, நடுவுல ஒரு குழி, சுத்தி ஒரு வாய்க்கால். கறியை அமிலத்துல அரைச்சு வடிகட்டுன தண்ணி வாய்க்கால்ல ஒரு ஓரத்துல, பொட்டாசியம் கார்பனேட் கரைசல் எதிர் ஓரத்துல, ரெண்டும் இன்னும் கலக்கக்கூடாது. நடுக் குழியில போரிக் அமிலம், ஆமா கேரம் போர்டுல தூவுறாங்களே அந்த ஜாதிதான், அதுல ரெண்டு சொட்டு கலப்பு இண்டிகேட்டர் விட்டா ரோஸ் கலர்ல நிக்கும். மூடி விளிம்புல வாசலின் தடவி மூடிட்டு, தட்டை மெதுவா சாய்ச்சு வாய்க்கால்ல இருக்குற ரெண்டையும் கலந்து விட்டுட்டு, 37 டிகிரியில ரெண்டு மணி நேரம் போல வெச்சிடணும். கார்பனேட் பட்டதும் அமைன் எல்லாம் ஆவியாகி உள்ளுக்குள்ளயே தவ்வி நடுக் குழியில போய் மாட்டிக்கும், ரோஸ் பச்சையாகும். மூடியைத் தொறந்து பியூரெட்ல நீர்த்த அமிலம் சொட்டுச் சொட்டா விட்டு பச்சை திரும்ப ரோஸாகுற இடத்துல நிறுத்தணும், இதுதான் டைட்ரேஷன். 0.01 நார்மல் (நார்மல்ங்குறது இங்க செறிவோட அளவு) அமிலம் ஒரு மில்லி செலவானா 0.14 மில்லிகிராம் நைட்ரஜன். பத்து கிராம் கறியோட சாறு முழுசுக்கும் கணக்குப் போட்டா 10.7 மில்லி கிட்ட அமிலம் குடிச்சா அது 15, அவ்வளவுதான் கோடு. கறியே போடாத தட்டு ஒண்ணும் கூடவே ஓட்டி அதோட கணக்கைக் கழிக்கணும், இதைச் செய்யாம நம்பர் சொல்றவன் பேச்சை நம்பாதீங்க. தட்டு, பியூரெட், ரெண்டு மூணு கெமிக்கல், கை நடுங்காத ஒரு ஆளு, இவ்வளவு போதும். இடைநிலைப்பள்ளி லேப்ல அசிஸ்டன்ட் வேலை பாக்குறவங்க யாரைக் கூப்பிட்டாலும் ஒரு மத்தியானத்துல கத்துக்குவாங்க. அமிலம் புழங்குற இடம், சமையல்கட்டுல வெச்சு செய்யாதீங்க, செஞ்ச கறியையும் திரும்பச் சட்டியில போடாதீங்க, சிரிக்காதீங்க, கேட்டவங்க இருக்காங்க.

குறை இல்லாமயா? மொதல்ல சொன்ன மாதிரி இது லேட். மூக்கு எழுந்து உக்காந்து கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் இது கோட்டைத் தாண்டும், அதனால 15க்கு உள்ள இருக்குங்குறதை வெச்சு கறி புத்தம் புதுசுன்னு சொல்ல முடியாது, 15க்கு மேலன்னா பழசுன்னு மட்டும்தான் தைரியமா சொல்லலாம். ரெண்டாவது, சுறா, திருக்கை ரெண்டுக்கும் இதைப் பக்கத்துலயே கொண்டு போகாதீங்க, அதுங்க ஒடம்புல இயற்கையாவே யூரியா நெறைய, புடிச்ச கொஞ்ச நேரத்துலயே அது அம்மோனியாவா மாறும், பிள்ளை பெத்தவங்களுக்குப் புட்டு செய்ய வாங்குன நல்ல சுறாகூட டிவிபிஎன்ல மண்ணைக் கவ்வும். மூணாவது, யாராவது மீனுக்கு ஃபார்மலின் அடிச்சிருந்தா அது பாக்டீரியாவையும் கொல்லும், வர்ற அம்மோனியாவையும் புடிச்சுக் கட்டிப்போடும், நம்பர் அழகா கீழ நிக்கும். நம்பர் சந்தேகப்படுற அளவுக்கு நல்லாருந்து மீன் ரப்பர் மாதிரி இருந்தா வேற டெஸ்ட்டுக்குப் போகணும்.

மீன்னு வந்துட்டதால ஹிஸ்டமின். இதைக் கோழி ஆட்டோட கலக்காதீங்க, இது கெம்போங், சூரை, மத்தி மாதிரி மீனோட தனிக் கதை. இந்த மீன் சதையில ஹிஸ்டிடின்ங்குற அமினோ அமிலம் நெறைய, வெயில்ல கெடந்தா சில பாக்டீரியா அதை ஹிஸ்டமினா மாத்திடும். வாடை கெடையாது, வறுத்தாலும் கொதிக்க வெச்சாலும் அழியாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல மூஞ்சி செவந்து, தலைவலி, அரிப்புன்னு வரும், ஜனங்க "மீன் ஒத்துக்கல, அலர்ஜி"ன்னு நெனைச்சு வீட்டுக்குப் போயிடுவாங்க. மூக்கு தோத்து டெஸ்ட் ஜெயிக்கிற இடம் இதுதான், அதனாலேயே இந்த ஒண்ணுக்கு மட்டும் கெமிக்கல் டெஸ்ட் உண்மையிலேயே சாப்பிடுறவங்களுக்காகத் தேவைன்னு ஒத்துக்குறேன். கோடெக்ஸ்ங்குற சர்வதேச உணவுத் தர அமைப்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம்னு சுகாதார வரம்பு வெச்சிருக்கு. கர்ப்ப டெஸ்ட் மாதிரி கோடு விழுற பட்டை இதுக்கு இருக்கு, மீன் பேக்டரிங்களுக்காகச் செஞ்சது, ஒரு பட்டை வெலையைப் பாத்தா கல்யாண ஆர்டர்ல ஒரு டேபிள் மீனே வாங்கிடலாம், அதுவும் ஒரு மீன்ல கொறைவாவும் பக்கத்து மீன்ல எக்கச்சக்கமாவும் இருக்கும். பெட்டியில பல மீன்லேருந்து துண்டு எடுத்து அரைச்சுப் பாக்கணும். கெம்போங் மொத்தமா எடுத்து சம்பால் போடுறவங்க யோசிக்கலாம், மத்தவங்களுக்கு ஐஸ் போதும்.

புட்ரசின், கடாவரின்னு பேரைக் கேட்டாலே சோறு எறங்காத ரெண்டு அமைன் இருக்கு, 1885ல லுட்விக் பிரீகர்னு பெர்லின் டாக்டர் ஒருத்தர் கண்டுபிடிச்சது. இதையும் ஹிஸ்டமின், டைரமினோட கூட்டி ஒரு குறியீடு போடுறாங்க, ரொம்ப நேர்மையான நம்பர், ஆனா ஹெச்பிஎல்சிங்குற பெரிய லேப் மிஷின் வேணும். அது நம்ம பேச்சுல இல்ல.

கொழுப்பு பக்கம் டிபிஏ டெஸ்ட். கொழுப்பு காத்துபட்டு சிக்கு வாடை வர்றப்ப மலோன்டையால்டிஹைடு உண்டாகும், அது தயோபார்பிட்யூரிக் அமிலத்தோட சூடா சேர்ந்தா ரோஸ் கலர், அதை 532 நானோமீட்டர் ஒளியில அளக்கணும். எங்க ஆலையில எண்ணெயோட தரம் பாக்க வெச்சிருக்குற, கலரை ஒளியால அளக்குற ஸ்பெக்ட்ரோவே இதுக்கும் போதும், ஆனா இறைச்சியைத் தூக்கிக்கிட்டு ஆலை லேப்புக்குள்ள போனா மேனேஜர் என்னை அளந்துடுவாரு. இது எதுக்கு உபயோகம்னா, ரொம்ப நாள் உறைய வெச்ச ஆட்டுக்கறிக்கு. ஆஸ்திரேலியாவுலேருந்து வர்ற உறைஞ்ச ஆட்டுக்கறியில பாக்டீரியா தூங்கும், கொழுப்பு தூங்காது. டிவிபிஎன் பாஸ், டிபிஏ ஃபெயில்னு வந்தா அது பழைய ஸ்டாக். கோழிக்கு இதைப் போட்டு மெனக்கெட வேணாம்.

உறைய வெச்சதுன்னதும் ஞாபகம் வருது, பாதிச் சண்டை கறி கெட்டதைப் பத்தியே இல்ல, உறைஞ்சதை எளக்கி "ப்ரெஷ்"ன்னு விக்கிறதைப் பத்தி. அதுக்கு ஹெச்ஏடிஹெச்னு ஒரு என்சைம் டெஸ்ட் இருக்கு, உறைஞ்சு எளகுறப்ப செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா கிழிஞ்சு அந்த என்சைம் சாறுல கசிஞ்சிடும், அது கசிஞ்சிருந்தா "காலையில அறுத்தது"ங்குற பேச்சு அங்கயே முடிஞ்சுது. பெரிய லேப் வேலைதான், ஆனா இப்படி ஒண்ணு இருக்குன்னு டிரைவர் காதுல விழுந்தாலே பேச்சு மாறும்.

கடைசியா எல்லாரும் கேக்குற எலக்ட்ரானிக் மூக்கு. உள்ள இருக்குறது பெரும்பாலும் டின் ஆக்சைடு பூசுன ஒரு சின்ன சென்சார், சூடாக்கி வெச்சிருப்பாங்க, வாயு பட்டா அதோட மின் தடை மாறும், அந்த மாத்தத்தைப் பச்சை, மஞ்சள், செகப்பு லைட்டா காட்டும். தனியா சென்சாரை வாங்கி ஆர்டுயினோங்குற சின்ன கம்ப்யூட்டர் போர்டுல மாட்டுற பசங்களும் நம்ம ஊருல இருக்காங்க, படிக்கிறதுக்கு நல்ல விளையாட்டு. ஆனா அந்தச் சென்சாருக்கு அம்மோனியாவும் தெரியும், சாராய ஆவியும் தெரியும், புகையும் தெரியும், எது எதுன்னு பிரிக்கத் தெரியாது. மழை பேஞ்சு முடிஞ்ச சாயங்காலம் காத்துல ஈரம் ஏறுனாலே ரீடிங் ஏறும், நம்ம ஊருல எந்தச் சாயங்காலம் மழை இல்லாம இருக்கு? விறகடுப்பு எரியுற பந்தலுக்குப் பக்கத்துல கொண்டு போனா நல்ல கோழிக்கும் செகப்பு காட்டும், குளுருல வெச்ச கெட்ட கோழிக்குப் பச்சை காட்டும். ஒரே ஒரு தடவை தப்பா செகப்பு காட்டி தவுக்கே அதைப் பாத்துட்டா அப்புறம் உங்க எந்த நம்பரையும் அவரு மதிக்க மாட்டாரு. பத்து இருபது சென்சாரைச் சேர்த்து கம்ப்யூட்டர்ல பழக்குன பெரிய மிஷின் வேற ஜாதி, அதை இதோட சேர்க்காதீங்க. ஆன்லைன்ல விக்கிறது வேணாம்க்கா, அந்தக் காசுக்கு நல்ல குத்து தெர்மாமீட்டர் வாங்கிட்டு மிச்சத்துக்கு ஐஸ் வாங்குங்க.

தெர்மாமீட்டர் கெமிக்கல் டெஸ்ட் இல்லதான், இருந்தாலும் இதுல நுழைச்சாகணும். பாக்டீரியா சக்கரையைத் தின்னுக்கிட்டு இருக்குற அந்த அமைதியான நேரத்துல எந்த வேதியியலும் பேசாது, கறியோட சூடு மட்டும்தான் பேசும். லாரி கதவைத் தொறந்ததும் அடியில இருக்குற பெட்டி, நடுப் பெட்டின்னு ரெண்டு மூணு எடத்துல குத்துங்க. 4 டிகிரி பக்கம் இருந்தா சரி. 15, 18ன்னு காட்டுனா அந்தக் கோழி எப்ப அறுத்ததுன்னு ஆராய வேண்டியதே இல்ல, டிரைவர் கண்ணு முன்னாடி அரை நிமிஷத்துல வர்ற நம்பர், அவரு மூக்கு இதுல தலையிட முடியாது.

சுகாதாரத் துறைக்கு எப்ப போறது? சாப்பிட்டவங்களுக்கு ஒடம்பு கெட்டா, இல்ல ஒரே கடை திரும்பத் திரும்ப இதே வேலையைச் செஞ்சா. சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்துல வருது, புகார் அங்கதான். 1983 உணவுச் சட்டத்துக்குக் கீழ அதிகாரிங்களே வந்து முறைப்படி சாம்பிள் எடுத்து முத்திரை வெச்சு அனுப்புவாங்க, கோர்ட்டுல நிக்குறது அதுதான். நீங்க டப்பாவுல எடுத்துக்கிட்டுப் போன கறியும், நான் கான்வே தட்டுல எடுத்த நம்பரும் அங்க செல்லாது, ஏன்னா நடுவுல எங்க வெச்சீங்க, எவ்வளவு நேரம் வெச்சீங்கன்னு ஒரு கேள்வியில எல்லாம் விழுந்துடும்.

ஆக சமையல் ஆர்டர் எடுக்குற அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. எறக்குறப்ப தெர்மாமீட்டர், வெந்நீர் கிண்ணம், ரெண்டும் டிரைவர் முன்னாடி, நோட்டுல எழுதி அவர் கையெழுத்து. சூடு சரியா இருந்து வாடைல தகராறு வந்தா அரைக் கிலோவை ரெண்டு பையில கட்டி ரெண்டு பேரும் பேர் எழுதி, ஐஸ்ல பொதைச்சு, ஒண்ணு அவருக்கு, ஒண்ணு டிவிபிஎன்னுக்கு. பணம் பாதி இப்ப, பாதி ரிசல்ட் வந்த பிறகு. கோழியை அன்னிக்கு சமைக்கிறதா வேணாமாங்குறதை மூக்கை வெச்சே முடிவு பண்ணுங்க, ரிசல்ட் காசுக்கு மட்டும்தான். இதை எல்லாம் ஆர்டர் கொடுக்குறப்பவே ஒரு பேப்பர்ல எழுதி தவுக்கேகிட்ட கையெழுத்து வாங்கிடணும், சண்டை வந்த பிறகு நீட்டுனா யாரும் போட மாட்டாங்க. அந்தப் பேப்பர்ல 15ன்னு எழுதுனா அவரு கண்டிப்பா 20ன்னு பேரம் பேசுவாரு, மீனுக்கு 35 வரைக்கும் இருக்கேன்னு கூட யாராவது சொல்லிக் கொடுத்திருப்பாங்க. மீனுக்கு அது சரிங்க தவுக்கே, நான் வாங்குறது கோழின்னு சொல்லிட்டு 15லயே நில்லுங்க.